ரெஸ்யூமேயைத் தூக்கிப் போட்டுவிட்டு கிட்ஹப் சுட்டியை மட்டும் அனுப்பினால் போதாதா?

கேள்வி கேட்டவர் மூன்று வருட அனுபவம் உள்ள டெவலப்பர். நாற்பது இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பி இரண்டே இடத்தில்தான் கூப்பிட்டார்களாம். ரெஸ்யூமே செத்துப்போன சமாச்சாரம், இனிமேல் தான் எழுதிய புரோகிராம்களைப் போட்டுவைத்திருக்கிற கிட்ஹப் இணையப் பக்கத்தின் சுட்டியை மட்டும் அனுப்பலாமா என்கிறார். நடுவில் ஒன்றரை வருடம் வேலையில்லாத இடைவெளி வேறு, அதை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார்.

போதாதுங்க. ஆனால் நீங்கள் இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிற ரெஸ்யூமேவும் போதாது, அதைப் பார்க்காமலேயே சொல்கிறேன்.

நான் கோவை சரவணம்பட்டிப் பக்கம் முப்பது பேர் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆள் எடுப்பது என் வேலை இல்லை, ஆனால் முதலாளி தனக்கு வருகிற ரெஸ்யூமேக்களை அப்படியே வாட்ஸப்பில் எனக்குத் தள்ளிவிடுவார். நான் சாயங்காலம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே போனில் திறந்து பார்ப்பேன். நீங்கள் இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதியதை இந்தப் பக்கம் ஒருவன் தேங்காய் பன் தின்றுகொண்டு கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருக்கிறான், அதுதான் நிஜம். பெரிய கம்பெனி என்றால் என் இடத்தில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அது பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை மட்டும் உருவி எடுக்கப் பார்க்கும். இரண்டு பத்தியாகப் பிரித்து அழகாக டிசைன் செய்திருந்தால் இடது பக்க வரியும் வலது பக்க வரியும் ஒன்றோடொன்று கலந்துவிட வாய்ப்பு இருக்கிறது, படமாகப் போட்ட எழுத்தைப் பல நேரம் படிக்கவே படிக்காது. அதனால் ஒரே பத்தி, சாதாரண எழுத்து, முடிந்தால் ஒரே பக்கம். இதற்கு மேல் வடிவத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விஷயம் உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான். எனக்கு இதில் பேச யோக்கியதை உண்டா என்றால், 2009-இல் நான் அனுப்பிய முதல் ரெஸ்யூமே காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சீனியர் அண்ணன் ஒருவருடைய வேர்ட் ஃபைலில் என் பெயரை மாற்றிப் போட்டுத் தயாரித்தது. நான்கு பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமாகாதவர், பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, எல்லாம் இருந்தது. கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்று ஒரு வரி இருக்குமே, அதற்குக் கீழே இடம் என்ற இடத்தில் சேலம் என்றும், கையெழுத்துக்கு அடியில் அந்த அண்ணன் பெயரும் அப்படியே இருந்திருக்கிறது. நேர்காணல் எடுத்தவர் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆளாகத்தான் இருக்க வேண்டும். “ஏனுங்க தம்பி, இப்ப வந்திருக்கறது நீங்களா அவரா?” என்று கேட்டார். வேலை கிடைக்கவில்லை, சொல்லவே வேண்டாம்.

இன்றைக்கும் எனக்கு வருகிறவற்றில் பாதி அந்த வேர்ட் ஃபைலின் பேரப்பிள்ளைகள்தான். இப்போது சாட்ஜிபிடி வந்த பிறகு ஆங்கிலம் மட்டும் சுத்தமாகிவிட்டது, எல்லோரும் ‘ஆர்வமும் உத்வேகமும் மிக்க டெவலப்பர்’ ஆகிவிட்டார்கள். ஜாவா என்கிற புரோகிராம் மொழிக்கு ஒரு பட்டை போட்டு எண்பது சதவீதம் நிரப்பியிருப்பார்கள், மீதி இருபது யாரிடம் இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சரி, கிட்ஹப்புக்கு வருவோம். லினக்ஸ் கர்னல் வேலைக்காக 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது கிட், புரோகிராமில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று குறித்துவைக்கிற மென்பொருள். அதன் மேல் 2008-இல் வந்தது கிட்ஹப், 2018-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. இதில் எதுவுமே ஆள் எடுப்பதற்காகச் செய்தது இல்லை. எந்தெந்த நாளில் வேலை செய்தீர்கள் என்று கிட்ஹப் காட்டுகிற அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்த்து ஒருவருடைய உழைப்பை எடைபோடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கமிட் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவு) தேதி என்பது உங்கள் கணினி சொல்கிற தேதிதான், கிட் கட்டளையிலேயே எந்தத் தேதியை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரு ராத்திரியில் போன வருடம் முழுக்கப் பச்சையாக்கிவிட முடியும், அதற்கென்றே ஸ்கிரிப்டும் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், கம்பெனியில் மூன்று வருடமாக உயிரைக் கொடுத்து ஈஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்) எழுதியவருடைய கிட்ஹப்பைத் திறந்தால் காலேஜில் போட்ட ஒரு கால்குலேட்டரும் யாரோ எழுதியதை ஃபோர்க் செய்து (நகலெடுத்து) அப்படியே விட்ட பத்துப் பன்னிரண்டும்தான் இருக்கும். அவருடைய நிஜமான வேலை கம்பெனி பூட்டிவைத்த ரெப்போவில் (புரோகிராம் சேமிக்கும் இடத்தில்) கிடக்கிறது, வெளியில் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. வீட்டில் கைக்குழந்தையும் மாமியாரும் இருக்கிற ஒரு பெண் ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஓப்பன் சோர்ஸுக்குக் கோடு (புரோகிராம்) எழுதவில்லை என்றால் அவருக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடுமா?

அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், அனுபவம் நான்கு வருடம். ரெஸ்யூமேயில் ‘பில்லிங் மென்பொருளின் பேக்எண்ட் மாட்யூல்களை உருவாக்கிப் பராமரிக்கும் பொறுப்பு’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நான் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தவர் சொல்லி அனுப்பியதால் கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தவரிடம், “நீங்க செஞ்ச வேலையில தூக்கம் கெட்டது எதுங்க அம்மணி?” என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார்.

திருப்பூரில் ஒரு பனியன் மொத்த வியாபாரிக்கு பில்லிங். இரண்டு பேர் ஒரே நொடியில் சேவ் அழுத்தினால் இரண்டு பில்லுக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான், அதனால் யாருக்கும் பிடிபடவில்லை. ஆடிட்டர்தான் கண்டுபிடித்துக் கத்தியிருக்கிறார். காரணம், பழைய கோடு டேபிளில் கடைசி எண் என்ன என்று பார்த்து அதோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண்தானே தெரியும். டேட்டாபேஸே அடுத்தடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கிற சீக்வென்ஸ் போட்டால் தீர்ந்தது என்று டீமில் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. பில் பாதியில் ரத்தானாலும் சீக்வென்ஸ் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது, வரிசையில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர் வரிசையாக இருக்க வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் இரட்டிக்கவும் கூடாது. அதனால் எண்ணுக்கென்று டேபிளில் தனியாக ஒரு ரோ வைத்து, பில் சேமிக்கும் அதே, நடந்தால் முழுதாக நடக்கிற இல்லாவிட்டால் மொத்தமாக ரத்தாகிற டிரான்ஸாக்‌ஷனுக்குள் அந்த ரோவை வேறு யாரும் தொடாதபடி பூட்டி எண்ணை எடுத்திருக்கிறார். பில் ரத்தானால் எண்ணும் பழையபடி திரும்பிவிடும். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் பில் போடும் மேஜையில் அது யாருக்கும் தெரியாது என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார். மேலே பாதுகாப்புக்கு, எண் இரட்டித்தால் டேட்டாபேஸே மறுக்கிற யூனிக் கட்டுப்பாடு ஒன்று.

இவ்வளவு தெரிந்தவர் எழுதியது என்ன? ‘பொறுப்பு’. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, ‘ஒரே நேரத்தில் இரண்டு பேர் பில் போட்டால் எண் இரட்டித்ததைக் கண்டுபிடித்தேன், வரிசையில் ஓட்டை விழாமல் சரிசெய்தேன்’ என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரிக்காகவே நான் டீயைக் கீழே வைத்திருப்பேன். கம்பெனி ரகசியம் எதுவும் வெளியே போகவில்லை, வியாபாரி பெயர்கூட வேண்டியதில்லை. அவர் இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போட்டவர். ஈரோட்டு மார்க்கெட்டுக்குச் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். ‘நல்ல செம்மண் காடுங்க, நல்லா வேக வெச்சதுங்க’ என்று அவர் சொல்வதை வியாபாரி காதில் வாங்கினதே இல்லை. மாதிரிக் குவியலில் கைவிட்டு ஒரு விரலியை எடுப்பார், டக்கென்று ஒடிப்பார், உள்ளே நிறம் பார்ப்பார், விலை சொல்வார். மூட்டை மூட்டையாக அவர் அவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை, ஒடித்துப் பார்க்க ஒன்று கையில் கிடைத்தால் போதும். உங்கள் ரெஸ்யூமேயில் நான் ஒடித்துப் பார்க்க எதுவுமே இல்லை என்றால் நான் என்ன செய்ய?

அனுபவமே இல்லாத புதியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, முகத்தை வைத்து அட்டெண்டன்ஸ் எடுக்கிற அதே மென்பொருளை எழுதி அனுப்பாதீர்கள், இந்த வருடம் மட்டும் அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சோமனூர்ப் பையன் ஒருவன், அப்பா எட்டு தறி ஓட்டுகிறார். வாங்கிய பாவு (நெய்யக் கொடுக்கிற நூல்) எவ்வளவு, திருப்பிக் கொடுத்த துணி எத்தனை மீட்டர், வர வேண்டிய கூலி எவ்வளவு என்று போனில் போட்டுவைக்க ஒரு சின்ன ஆப் எழுதியிருந்தான். கோடு படு அசிங்கம், எல்லாம் ஒரே ஃபைல். ஆனால் அவன் அப்பா ஏழு மாதமாக அதைத்தான் பயன்படுத்துகிறார். “அப்பா தப்பா ஒரு எண்ணப் போட்டுட்டா எப்படித் திருத்துவாரு?” என்று கேட்டதற்கு, முதல் வாரமே அந்தச் சண்டை வந்து அழிக்கிற பட்டனை எடுத்துவிட்டுத் திருத்தங்களுக்குத் தனிப் பதிவு வைத்ததைச் சொன்னான். இவனுக்குக் கிட்ஹப் சுட்டி உண்மையிலேயே உதவியது, ஏனென்றால் அந்தச் சண்டை தேதியோடு கமிட்டில் இருந்தது.

நான்கு நாள் வீட்டுவேலை கொடுத்துத் திறமை பார்க்கிற முறை எனக்குப் பிடிக்காது. சும்மா இருப்பவர்தான் ஜெயிப்பார். நாங்கள் உடைந்த ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்து வந்தவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்கிறோம், கூகிள் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் வருகிற எல்லோரோடும் ஒரு மணி நேரம் உட்கார ஆள் இல்லை. யாரோடு உட்காருவது என்று முடிவு செய்யத்தான் அந்த ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.

அப்புறம் உங்கள் ஒன்றரை வருடம். மறைக்காதீர்கள், தேதிகளை நெருக்கி வைத்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். ‘2023 மார்ச் முதல் 2024 ஆகஸ்ட் வரை, குடும்பக் காரணத்தால் வேலையில் இல்லை’ என்கிற மாதிரி உங்கள் மாதங்களைப் போட்டு ஒரே வரி எழுதுங்கள். அந்த நாட்களில் எதையாவது செய்திருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைன் சான்றிதழ்களை அடுக்கி இட்டு நிரப்ப வேண்டாம். எங்களிடம் வந்தவர்களில் யாரையும் அதைக் கேட்டுத் துருவியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஃபைலுக்கு உங்கள் பெயரை வையுங்கள். என் போனில் இப்போது ‘ரெஸ்யூமே ஃபைனல் நியூ’ என்று பதினொன்று கிடக்கிறது, எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.