சிப்போர்டு மேடையில் டைல்ஸ் ஒட்ட எந்தப் பசை?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தரை கான்கிரீட். ஆனால் படுக்கையறையில் போட்ட மேடையோ சிப்போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. வரவேற்பறைக்கு வாங்கிய அதே சிமெண்டுப் பசையால் மேடையிலும் டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரணப் பசை என்றால் வேண்டாம்.

சிப்போர்டு, பசையிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். நடக்கும்போது வளையவும் செய்யும். இறுகிப்போன சிமெண்டு அதற்கு ஈடுகொடுக்காது. பெயர்ந்த டைலைத் திருப்பிப் பாருங்கள், அடியில் மரத்தூள் அப்பிக்கொண்டிருக்கும். விட்டது பசையல்ல, பலகையின் மேல்தோல்.

பையில் 'சி2 எஸ்1' அல்லது 'சி2 எஸ்2' என்று இருக்கிறதா பாருங்கள். 'சி2' என்பது மேம்பட்ட சிமெண்டுப் பசை, 'எஸ்' என்பது வளையும் தன்மை. சோதனையில் எஸ்1 குறைந்தது 2.5 மி.மீ., எஸ்2 குறைந்தது 5 மி.மீ. வளையும். நேரடியாகப் பலகை மேல் ஒட்டுவதென்றால் நான் எஸ்2தான் வாங்குவேன். விலை கூடத்தான்! டப்பாவில் கலந்தே வரும் பசை வேண்டாம். பெரிய போர்சலின் டைலுக்கு அடியில் அது காய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அதைவிட நல்ல வழி, 6 மி.மீ. சிமெண்டுப் பலகையைப் பசை தடவி, சிப்போர்டு மேல் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் எஸ்1 பசையில் ஒட்டுவது. எப்படிச் செய்தாலும் முதலில் சிப்போர்டுக்கு, வெட்டிய ஓரங்கள் உட்பட, பசைத் தயாரிப்பாளர் சொல்லும் பிரைமர் அடியுங்கள். சுவரோரம் இடைவெளி விட்டு சிலிக்கோன் நிரப்புங்கள்.

அப்புறம், நடந்தால் மேடை ஆடுகிறதா? அப்படியானால் பசைக்கடைக்குப் போகாதீர்கள், தச்சரைக் கூப்பிடுங்கள்.