பல் வைத்தியருக்கு வாய் உயிரியல் பட்டப்பின்படிப்பு எதற்கு?

கிளிநொச்சியில் வேலை செய்யும் பல் வைத்தியர் ஒருவர், வாய் உயிரியல் படித்தால் விசேட நிபுணர் ஆகலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஆக முடியாது. அதற்கு கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகள்தான் வழி. வாய் உயிரியல் என்பது ஆய்வுப் படிப்பு. எச்சில், பல்லை மூடியிருக்கும் கடினமான வெளிப்படையான எனாமல், வாய்க்குள் வாழும் பக்டீரியா, தாடை எலும்பு எல்லாம் எப்படி இயங்குகின்றன, எப்படிக் கெடுகின்றன என்பதுதான் பாடம்.

ஆனால் வன்னியில் இருப்பவருக்கு ஆய்வுக் கேள்விகளைத் தேடி அலையத் தேவையில்லை. வவுனியாப் பக்கக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கு, பல் முளைக்க முன்னரே, தாடைக்குள் எனாமல் உருவாகும்போதே பாதிப்பு நடந்துவிடும். அகல வேண்டிய புரதம் எனாமலில் தங்கிவிடுகிறது, கனியுப்புச் செறிவு குறைகிறது. கிளினிக்கில் நாம் பார்க்கும் மண்ணிறக் கறை அதன் விளைவுதான். ஒழுங்காகப் பல் தீட்டவில்லை என்று பிள்ளையை ஏசிப் பயனில்லை!

பாக்கும் நல்ல ஆய்வுப்பொருள். புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் தரும்.

சம்பளம் கூடும் என்று மட்டும் நினைத்துப் போக வேண்டாம். ஆர்வம் இருந்தால், விண்ணப்பிக்க முன் பேராதனைப் பல் மருத்துவ பீடத்தில் உங்கள் கேள்விக்கு ஏற்ற மேற்பார்வையாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.