காசு கொடுக்கும் முன் கோப்பைத் திறந்து பாருங்கள்

வீடியோ, ஆடியோ கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள்களைப் பற்றிச் சில மாதங்களாகக் கடிதங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. ஊர் வேறு, சாதனம் வேறு என்றாலும் கடைசி வரி பலருக்கும் ஒன்றுதான்: "இலவச மென்பொருள் சரிவரவில்லை. காசு கொடுத்து ஏதாவது வாங்கிவிடட்டுமா?" என் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: வேண்டாம்.

கேள்வி: எங்கள் திருமணம் 1997இல் நடந்தது. அந்த விஎச்எஸ் கேசட்டைப் பிறகு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக்கி வைத்திருந்தோம். பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்க ஆசைப்பட்டதால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மாற்றினேன். கல்யாணம் ஐந்து துண்டாக வந்தது. ஆட்கள் நடக்கும்போது உடம்பு ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் வேறு. கடைக்காரர், "இலவசம் என்றால் அப்படித்தான். என்னிடம் கொடுங்கள், ஒரு டிஸ்குக்கு 800 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். இரண்டு குறைகளுக்கும் மென்பொருள் காரணமில்லை.

டிவிடிக்குள் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் படம் விஓபி என்ற கோப்புகளாக, ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மிகாமல், வெட்டி வைக்கப்பட்டிருக்கும். டிவிடியின் இலக்கணமே அதுதான். நீங்கள் அந்தக் கோப்புகளைத் தனித்தனியாக மாற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக முழு ஃபோல்டரையும் ஹேண்ட்பிரேக்கிடம் கொடுங்கள். அது எல்லாவற்றையும் கோத்து 'டைட்டில்' என்ற பட்டியலாகக் காட்டும். அதில் நீளமானதுதான் உங்கள் கல்யாணம். சில விநாடிகளே ஓடும் மற்ற டைட்டில்கள் ஸ்டுடியோக்காரர் சேர்த்த பூ, பெயர்ப்பலகை வகையறா.

சீப்புப் பல்லுக்கு வருவோம். நம் நாட்டு விஎச்எஸ் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவானது. விநாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாக, விநாடிக்கு 50 பாதிகள். முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் இடையில் மாப்பிள்ளை ஒரு அங்குலம் நகர்ந்திருப்பார். பழைய குழாய் டிவி பாதிகளை மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்கு அது தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் ஒன்றாகத் தைத்துக் காட்டுகிறது, தையல் வெளியே தெரிகிறது.

ஹேண்ட்பிரேக்கில் 'ஃபில்டர்ஸ்' பக்கத்துக்குப் போய் 'டீஇன்டர்லேஸ்' என்பதில் யாடிஃப் அல்லது பிவ்டிஃப் தேர்ந்தெடுங்கள். அதிலேயே 'பாப்' என்றொரு தேர்வு இருக்கிறது. அது ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப் படமாக்கி விநாடிக்கு 50 படம் தரும். நடையும் நாட்டியமும் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் பலர் இங்கே ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். 'வீடியோ' பக்கத்தில் ஃப்ரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது, 25 அல்லது 30 என்று குறிக்கப்பட்டிருந்தால், பாப் செய்து பெற்ற கூடுதல் படங்களை மென்பொருளே தூக்கி எறிந்துவிடும். அதை 'சேம் ஆஸ் சோர்ஸ்' என்று மாற்றுங்கள்.

தரத்துக்கான ஆர்எஃப் எண்ணை இந்த அளவுப் படத்துக்கு 18 முதல் 22க்குள் வைத்தால் போதும். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் பருமனும் கூடும். 720க்கு 576 புள்ளி உள்ள படத்தை 1080 ஆக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். இல்லாத விவரம் எங்கிருந்தும் முளைக்காது.

முழு மாற்றத்துக்கு முன் தாலி கட்டும் காட்சியில் ஒரு நிமிடம் மட்டும் சோதித்துப் பாருங்கள். கோடு போய்விட்டதென்றால் 800 ரூபாய் உங்களுடையது. மாற்றியபின் டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதிய டிஸ்குகள் நிரந்தரமானவை அல்ல. தூசியோ கறையோ படிந்திருந்தால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல.

கடையில் வாங்கிய சினிமா டிவிடியைப் போட்டால் "சரியான மூலம் கிடைக்கவில்லை" என்று அதே மென்பொருள் கைவிரிக்கும் என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பூட்டிய டிஸ்கைத் திறக்கும் சாவி ஹேண்ட்பிரேக்கில் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. இந்தப் பகுதியில் அதற்கு வழி சொல்வதாக இல்லை.

கேள்வி: பென் டிரைவில் போட்ட படம் டிவியில் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இன்னொரு படம் பென் டிரைவில் ஏறவே மறுக்கிறது; இடமோ நிறைய இருக்கிறது. கணினியில் முதல் படம் நன்றாகவே பாடுகிறது. டிவியை மாற்ற வேண்டுமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: டிவியை மாற்றுவதா! கொஞ்சம் பொறுங்கள்.

எம்பி4, எம்கேவி என்பவை தூக்குவாளிகள் மாதிரி. வாளியைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாது. உள்ளே உள்ள படத்தின் சுருக்க முறை எச்.264 ஆக இருக்கலாம், எச்.265 ஆக இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒலி ஏஏசி, ஏசி3, டிடிஎஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். உங்கள் டிவி படத்தைக் காட்டி ஒலியை மட்டும் விழுங்குகிறது என்றால், உள்ளே டிடிஎஸ் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பல டிவிகளில் அதற்கான உரிமம் கிடையாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச, திறந்த மூல மென்பொருளில் கோப்பைத் திறந்தால் மொத்தமும் தெரிந்துவிடும். விஎல்சி பிளேயர் வைத்திருப்பவர்கள் படம் ஓடும்போது கன்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அழுத்தினாலே போதும்.

டிடிஎஸ்தான் என்று உறுதியானால் ஹேண்ட்பிரேக் பக்கம் போகாதீர்கள். அது படத்தையும் சேர்த்து மறுபடி சமைக்கும்; படத்தைத் தொடாமல் விடும் வசதி அதில் கிடையாது. மணிக்கணக்கில் ஓடி, தரமும் கொஞ்சம் தேயும். அவிடெமக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளில் வீடியோவுக்குக் 'காப்பி', ஆடியோவுக்கு ஏசி3 அல்லது ஏஏசி என்று வைத்துச் சேமியுங்கள். படம் அப்படியே இருக்கும், ஒலி மட்டும் மாறும். சில நிமிட வேலை.

ஏற மறுக்கும் படம் 4 ஜிபிக்கு மேல் இருக்கும் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு அந்த எல்லையைத் தாண்ட முடியாது. டிவி ஏற்குமானால் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் நகலெடுங்கள்.

கேள்வி: ஹேண்ட்பிரேக் தேடி ஒரு தளத்தில் இறக்கினேன். ஐந்து நிமிட வீடியோ மட்டும் இலவசம் என்றது. கார்டில் பணம் கட்டினேன். இப்போது மாதாமாதம் பணம் போகிறது.
(கோவை வாசகர்)

பதில்: நீங்கள் வாங்கியது ஹேண்ட்பிரேக் அல்ல. அது எப்போதும் இலவசம், நிமிடக் கணக்கும் கிடையாது. அந்தப் பெயரைச் சொல்லி யார் காசு கேட்டாலும் அது போலி. அதன் ஒரே தளம் ஹேண்ட்பிரேக் டாட் எஃப்ஆர். 'டாட் காம்' இல்லை. தேடுபொறியில் முதலில் நிற்கும் விளம்பரமும் இல்லை.

சரியான தளத்திலும் ஒருமுறை விபத்து நடந்தது. 2017 மே மாதம் 2 முதல் 6ஆம் தேதி வரை, அவர்களுடைய இறக்கச் சேவையகம் ஒன்றில் யாரோ புகுந்து, மேக் கணினிக்கான கோப்பை வைரஸ் கலந்த கோப்பாக மாற்றி வைத்திருந்தார்கள். குழுவினர் அதை மறைக்காமல் அறிவித்தார்கள். இறக்கும் கோப்புடன் செக்சம் என்ற நீண்ட எண் வரிசை வெளியிடப்படுவது இதற்காகத்தான். கையில் உள்ள கோப்பின் எண் அதனுடன் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வீண் சடங்கில்லை.

பணத்துக்கு வருவோம். வங்கியின் செயலியிலோ இணையத்திலோ உங்கள் கார்டின் தானியங்கிப் பிடித்தப் பட்டியலைத் திறந்து அந்த நிறுவனத்துக்கான ஒப்புதலை ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வராமலே எடுக்கப்பட்டிருந்தால் அதையும் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவியுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வங்கி வழிதான் பலமானது.

காசு கேட்கும் எல்லாக் கன்வர்ட்டரும் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றின் உள்ளே ஓடும் இயந்திரம் எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000இல் தொடங்கி, இன்று வரை பலர் கூடி வளர்க்கும் இலவசப் பொருள். உரிமத்தின் நிபந்தனைகளை மதித்தால் அதை வைத்து விற்பது தவறுமில்லை. நீங்கள் தருவது மேலே ஒட்டிய அழகான பொத்தான்களுக்கான விலை என்று தெரிந்து கொடுத்தால் சரி.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த அரங்கேற்ற வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் முதலில் சரியாக இருக்கிறது. போகப் போகச் சலங்கை ஒலி காலை விட்டு விலகுகிறது.
(யாழ்ப்பாண வாசகி)

பதில்: "போகப் போக" என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லில்தான் விடை இருக்கிறது. தொடக்கம் முதல் ஒரே அளவு விலகல் என்றால் வேறு நோய். விஎல்சியில் ஜே, கே எழுத்துகளை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முன்னும் பின்னும் நகரும். ஒரு அளவில் நிறுத்தியதும் கடைசிவரை ஒட்டி ஓடினால் அது நிலையான விலகல்; ஒலியை மொத்தமாக நகர்த்தினால் தீர்ந்தது.

உங்களுடையது வளரும் விலகல். கைப்பேசி வெளிச்சத்தையும் சூட்டையும் பார்த்து விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாம் சீராக 30 என்று எண்ணிக்கொண்டு தாளம் தவறுகின்றன. எடிட்டிங்குக்கு முன்பே ஹேண்ட்பிரேக்கில் ஃப்ரேம் ரேட்டை 30 என்று குறித்து, பக்கத்திலேயே 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஆர்எஃப் எண்ணைத் தாராளமாக, 18 போல வையுங்கள். எடிட் செய்தபின் இன்னொரு முறை சுருங்கப் போகிறதல்லவா?

கேள்வி: 40 எம்பி வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கினால் 90 எம்பி ஆகிறது!
(நாகர்கோவில் வாசகர்)

பதில்: பிழிந்த துணியை மறுபடி பிழிகிறீர்கள். வாட்ஸ்அப் ஏற்கெனவே சுருக்கிவிட்டது. ஆர்எஃப் எண் தரத்துக்குத்தான் வாக்குக் கொடுக்கிறது, அளவுக்கு அல்ல; கட்டம் கட்டமாக உடைந்த படத்தையும் பத்திரமாகக் காப்பாற்ற முயன்று பருத்துவிடும். 128 கேபிபிஎஸ் எம்பி3யை 320 ஆக்குவோரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். கோப்பு வளரும், பாட்டு வளராது.

கேள்வி: ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் எங்கள் பாட்டியின் குரல் பதிவைத் திறக்க மறுக்கிறது. எம்4ஏ கோப்பு. எம்பி3 ஆக்க லேம் என்று ஒன்றையும் தனியாக இறக்க வேண்டுமாமே?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: லேம் கதை பழையது. எம்பி3 மீதான காப்புரிமைகள் 2017இல் முடிந்தன. அதன்பின் வந்த ஆடாசிட்டியில் அது உள்ளேயே இருக்கிறது. எம்4ஏ திறக்க மட்டும் விண்டோசில் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை (அதன் துணைக் கோப்புகளின் தொகுப்பை) தனியாக நிறுவ வேண்டும். ஆடாசிட்டியின் சொந்த உதவிப் பக்கம் காட்டும் இணைப்பிலிருந்து இறக்குங்கள். 64 பிட் ஆடாசிட்டிக்கு 64 பிட் நூலகம். நிறுவியபின் ஆடாசிட்டியை மூடித் திறக்க மறந்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று நானே ஒரு மாலைப்பொழுது திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டு மணி நேர வகுப்பைப் பதிவு செய்தபோது மின்சாரம் போய்விட்டது. எம்பி4 கோப்பு 3 ஜிபி இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை. எந்தக் கன்வர்ட்டர் வாங்கினால் திறக்கும்?
(விழுப்புரம் ஆசிரியர்)

பதில்: எந்தக் கன்வர்ட்டரும் திறக்காது. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வழக்கமான எம்பி4 பதிவு முடியும்போதுதான் எழுதும். எஃப்எஃப்எம்பெக் "மூவ் ஆட்டம் (moov atom) இல்லை" என்று சொல்வது அந்த அட்டவணையைத்தான். பொருளடக்கம் இல்லாத, பக்க எண்ணும் இல்லாத புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது.

அன்ட்ரங்க் என்ற திறந்த மூலக் கருவியை முயன்று பாருங்கள். அதே கணினியில் அல்லது கேமராவில், அதே அமைப்புகளுடன் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததை அடுக்கிக் கொடுக்கும். முழுதாக மீளும் என்று உறுதி சொல்ல முடியாது. கோப்பின் நகலில் மட்டும் செய்யுங்கள்.

திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவராக இருந்தால் இனிமேல் எம்கேவியாகப் பதிவு செய்யுங்கள். பாதியில் நின்றாலும் நின்ற இடம் வரை ஓடும். முடிந்ததும் 'ஃபைல்' பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மாற்றும்போது கணினி 100 சதவீதம் ஓடி விசிறி அலறுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள்.
(சேலம் வாசகர்)

பதில்: 100 சதவீதம் ஓடுவது கோளாறு அல்ல, வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டும் பிராசஸரின் முழு உழைப்பைக் கேட்பவை. அவை கிராஃபிக்ஸ் கார்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கார்டில் உள்ள என்வென்க் போன்ற வசதியைத் தேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாக வரும். இன்டெல் பிராசஸர் உள்ள மடிக்கணினிகள் பலவற்றில் குவிக் சிங்க் என்ற பெயரில் இதே வகை வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கின் வீடியோ என்கோடர் பட்டியலில் அது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் செலவே இல்லை. தெரியாவிட்டால், மாதம் இரண்டு வீடியோ மாற்றும் வீட்டுக்கு எளிய வழி ஒன்று உண்டு: இரவு சாப்பிட்டபின் கோப்புகளை வரிசையில் சேர்த்து, சார்ஜரைச் செருகி, மடிக்கணினியை மெத்தையில் வைக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.