சைக்கிள் பின்னால் சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

வடசென்னை தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஓட்ட முடியாத சைக்கிளை இன்னொரு சைக்கிளில் கட்டி இழுத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. அதனால்தான் இதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் வெறும் சைக்கிளை இழுக்க மட்டும்தான். பின்னால் வரும் சைக்கிளில் ஆள் உட்காரக் கூடாது.

கொருக்குப்பேட்டை வாசகர்: அண்ணே, பழைய சைக்கிள் வாங்கிச் சரிபண்ணி விற்கிறேன். மூலக்கொத்தளம் பக்கம் வாங்கினால் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. இரண்டு சைக்கிளையும் இணைக்கிற கப்ளிங் ஒன்றை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். பெரிய செலவும் இல்லை. ஆனால் இரும்பை வெட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். பின்னால் வரும் சைக்கிளுக்கு மூன்று விதமான அசைவு இருக்கிறது. வளைவில் இடம் வலமாகத் திரும்புவது, பள்ளம் மேட்டில் ஏறி இறங்குவது, பக்கவாட்டில் சாய்வது. முதல் இரண்டையும் கப்ளிங் விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாவதை விடவே கூடாது. சாய விட்டால் ஆள் இல்லாத சைக்கிள் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

இதற்கான ஏற்பாடு சைக்கிளிலேயே இருக்கிறது. பின்னால் வரும் சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். காயலாங்கடையில் ஒரு பழைய முன் ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) வாங்குங்கள், அதன் நடுவில் போகும் அக்சலோடு. அந்த ஹப்பை முன்னால் போகும் சைக்கிளின் பின்புறத்தில் குறுக்காகப் பொருத்தி, சக்கரம் கழற்றிய போர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இரண்டு காலையும் அதன் அக்சலில் மாட்டி நட்டு போடுங்கள். ஏறி இறங்கும் அசைவை ஹப்புக்குள் இருக்கும் பேரிங் குண்டுகள் பார்த்துக்கொள்ளும். திரும்பும் அசைவை ஹேண்டில் கப்பில் (ஹேண்டில் திரும்பும் கழுத்து மூட்டு) இருக்கும் குண்டுகள் பார்த்துக்கொள்ளும். போர்க் இரண்டு பக்கமும் பிடிபட்டிருப்பதால் சாய வழியில்லை.

ஹப்பை எப்படிப் பொருத்துவது? 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டை இரண்டு எடுங்கள். முன் சைக்கிளின் பின் அக்சலில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. 28 இஞ்ச் சக்கரத்தில் அக்சல் நடுவிலிருந்து டயர் விளிம்பு வரைக்கும் 36 செ.மீ. வரும். அதனால் ஹப்பின் நடு, அக்சலிலிருந்து 42, 43 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். மட்கார்டு நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு பட்டையையும் கடைசியில் ஒரு குறுக்குப் பட்டையால் இணைத்து, அதன்மேல் ஹப்பை இரண்டு யூ போல்ட்டால் இறுக்குங்கள். இப்படியே விட்டால் பட்டை அக்சலைச் சுற்றி மேலும் கீழும் ஆடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் கேரியரிலிருந்து சாய்வாக ஒரு பட்டை இறக்கி முக்கோணமாக்க வேண்டும். ஹப் தரையிலிருந்து அக்சல் உயரத்திலேயே இருக்கட்டும். மேலே தூக்கினால் பின் சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், வளைவில் ஒழுங்காகத் திரும்பாது.

அக்சலில் ஏற்கெனவே ஸ்டாண்டு, கேரியர் கால், மட்கார்டு கம்பி எல்லாம் உட்கார்ந்திருக்கும். பட்டையையும் சேர்த்தால் நட்டுக்கு மரை போதாது. நீளமான அக்சல் வாங்கிப் போடுங்கள். நட்டு முழுதாக ஏறி, அதற்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய வேண்டும்.

வெல்டிங் அடித்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சைக்கிள் ஃப்ரேமில் கரண்ட் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். ரோட்ஸ்டர் (நம் சாதாரணப் பெரிய சைக்கிள்) பைப் மெல்லிசு, ஓட்டை விழும். அதன் மூட்டுகள் பித்தளை வைத்து ஊதியவை, பக்கத்தில் அந்தச் சூடு பட்டால் பிடிப்பு போய்விடும். பட்டையோடு பட்டையை வெல்டு செய்யுங்கள், தப்பில்லை. ஃப்ரேமோடு சேர்வது எல்லாம் நட்டு போல்ட்டுதான்.

மாட்டி முடித்ததும் பின் சைக்கிளின் சீட்டைப் பிடியுங்கள். தூக்கி இறக்கினால் மடங்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் திரும்ப வேண்டும். சாய்த்தால் முன் சைக்கிளும் கூடவே சாய வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் தெருவுக்கு எடுங்கள்.

ராயபுரம்: கயிறு கட்டி இழுத்தால் என்ன? நல்ல நைலான் கயிறு இருக்கிறது.

வேண்டாம். கயிறு இழுக்கும், பின்னால் வருவதைத் தடுத்து நிறுத்தாது. நீங்கள் பிரேக் பிடித்தால் பின்னால் வருவது உங்கள் மேலேயே வந்து மோதும். தொய்ந்த கயிறு சக்கரத்துக்குள் போய்க் கம்பியைச் சுற்றும்.

திருவொற்றியூர் ஆசிரியை: பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் வந்திருக்கிறது. உடம்பு முடியாத ஒரு மாணவியின் சைக்கிளை அவள் அண்ணன் தன் சைக்கிளில் இழுத்துப் போகிறேன் என்கிறான். சரியா?

சரிதான் டீச்சர். மேலே சொன்னபடி கப்ளிங் இருந்தால் போகட்டும். அந்தச் சைக்கிளில் முன்னால் கூடை இருக்கும், முன் சைக்கிளின் கேரியரில் இடிக்கும், அதைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய முன் சக்கரத்தைப் பின் சைக்கிளின் கேரியரில் படுக்க வைத்து, பழைய டியூபைக் கீற்றாக வெட்டிக் கட்டலாம். டியூப் கட்டு குலுங்கினாலும் தளராது. புது சைக்கிளில் நட்டுகள் முழுசாக இறுக்கப்படாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கப்ளிங் இல்லையென்றால் அவன் தள்ளிக்கொண்டே போகட்டும். ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் இன்னொரு ஹேண்டிலைப் பிடித்துப் போவதை மட்டும் விடாதீர்கள்.

பெரம்பூர், லேத் பட்டறை: ஹப், கப் என்று சுற்றி வளைக்கிறீர்கள். நான் ஒரு பால் ஜாயின்ட் கடைந்து தருகிறேன். எல்லாப் பக்கமும் திரும்பும். கார் டிரெய்லரே அதில்தான் ஓடுகிறது.

எல்லாப் பக்கமும் திரும்புவதுதான் சிக்கல், சார். கார் டிரெய்லருக்குக் கீழே இரண்டு சக்கரம் இருக்கிறது, அது தானாக நிற்கும். நம் சைக்கிளுக்குத் தரையில் இருப்பது ஒரே ஒரு பின் சக்கரம். பால் ஜாயின்ட் போட்டால் சாய்வையும் சேர்த்து விட்டுவிடும்.

மறுபடி பெரம்பூர்: சாயாமல் ஒரு ஆணி குத்திவிட்டால்?

எந்தப் பக்கம் குத்துவீர்கள்? சாய்வை நிறுத்தும் ஆணி, திரும்புவதையோ ஏறி இறங்குவதையோ பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அச்சு வேண்டும், அதாவது யுனிவர்சல் ஜாயின்ட். நீங்கள் லேத் வைத்திருப்பவர், அதைத் தாராளமாகச் செய்யலாம், வேலை செய்யும். வீட்டில் செய்கிறவருக்குக் காயலாங்கடை ஹப் போதும் என்பதுதான் நான் சொல்வது.

வியாசர்பாடி: பட்டை, முக்கோணம் எதுவும் வேண்டாம். சீட் பாரில் (சீட்டைத் தாங்கும் கம்பி) ஒரு கிளாம்ப், அதிலிருந்து ஒரு பைப், பின் சைக்கிளின் கழுத்தில் இன்னொரு கிளாம்ப். முன் சக்கரத்தைக் கழற்றாமலே தூக்கி மாட்டலாம். வெளிநாட்டில் இப்படித்தான் குழந்தையையே உட்கார வைத்து இழுக்கிறார்கள்.

பெரம்பூர்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சீட் பார்தான் சுலபம்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

சீட் பார் கப்ளிங் வெளிநாட்டில் விற்பது உண்மை. அது ஆலையில் அளவெடுத்துச் செய்தது, எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியே விற்பார்கள். நம்மிடம் இருப்பது இரும்புக்கடை கிளாம்ப். அது எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும். கிளாம்ப் உயரம் 4 செ.மீ., அதில் 1 மி.மீ. ஆட்டம் என்றால், 1 மீட்டர் தள்ளி அது இரண்டரை செ.மீ. ஆகிறது. ஹப்பில் போர்க் கால்களுக்கு நடுவே ஏறக்குறைய 10 செ.மீ. அகலம் இருக்கிறது. அதே 1 மி.மீ. ஆட்டம் அங்கே 1 செ.மீ.தான். சைக்கிள் சாயச் சாய கிளாம்ப் இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சாயும். பேசின் பிரிட்ஜ் போவதற்குள் வால் ஆட ஆரம்பித்துவிடும்.

அதைவிட முக்கியமானது உயரம். நீங்கள் பிரேக் பிடித்ததும் பின்னால் வரும் 20 கிலோ உங்களைத் தள்ளும். நேராக இருக்கும்போது பரவாயில்லை. வளைவில் பிரேக் பிடித்தால் அது பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளு அக்சல் உயரத்தில் விழுந்தால் டயர் தாங்கிக்கொள்ளும். சீட்டுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில் விழுந்தால் வண்டியையே கவிழ்க்கும். ரோட்ஸ்டரின் கம்பி பிரேக் மழையில் ஈரமான இரும்பு ரிம்மில் எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பயத்தில் வளைவில்தான் கூட அழுத்துவோம்.

முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம் என்பது நல்ல வசதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நட்டைக் கழற்றும் வேலையை மிச்சப்படுத்த இவ்வளவையும் விலையாகக் கொடுக்க வேண்டுமா?

பெரம்பூர்: கிளாம்புக்குள் ரப்பர் வைத்தால் ஆட்டம் போய்விடும்.

சத்தம் போகும். ரப்பர் நசுங்கும், நசுங்கிய அளவுக்கு ஆட்டம் அங்கேயே இருக்கும். யூ போல்ட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே மட்டும் டியூப் துண்டு ஒரு சுற்று வையுங்கள், அங்கே அது வழுக்காமல் பிடிக்க உதவும். சீட் பார் விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காசிமேடு: மீன்பாடி வண்டியில் ஏற்றினால் முடிந்தது, இதற்கு எதற்கு இவ்வளவு?

வண்டி கிடைத்தால் ஏற்றுங்கள். கடலோரத்தில் கப்ளிங்கை மாட்டியபடியே வெளியில் விடுகிறவர்கள் மட்டும் கவனியுங்கள். உப்புக்காற்றில் போல்ட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். மரையில் கிரீஸ் தடவுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: கியர் சைக்கிளில் இந்தப் பட்டையை மாட்டலாமா?

இழுக்கும் சைக்கிளாக வேண்டாம். வலது பக்கம் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம் இருக்கும் இடத்தில் பட்டை உட்காராது. நெம்புகோலால் இறுக்கும் அக்சலென்றால் அது உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருக்கும், பட்டையைத் தாங்காது. இழுபடும் சைக்கிளாக வரலாம். டிஸ்க் பிரேக் இருந்தால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே ஒரு மடித்த அட்டையைச் செருகுங்கள். தெரியாமல் லீவரை அமுக்கினால் பேடு ஒட்டிக்கொள்ளும்.

தண்டையார்பேட்டை: என் பையனுக்கு ஆறு வயது. அவன் சைக்கிளோடு அவனையும் பின்னால் மாட்டி ஸ்கூலுக்கு...

கூடாது. முதலிலேயே சொன்னேன். பையனை உங்கள் கேரியரில் குழந்தை சீட் போட்டு உட்கார வையுங்கள். அவன் சைக்கிள் வீட்டில் இருக்கட்டும்.

எருக்கஞ்சேரி: பேட்டரி ஸ்கூட்டரில் சைக்கிளை இழுக்கலாமா?

கூடாது. கெட்டுப்போன மோட்டார் வண்டி, பதிவு செய்த டிரெய்லர் மாதிரியானவற்றைத் தவிர வேறெதையும் மோட்டார் வண்டி இழுக்கக் கூடாது என்பது சாலை விதி. விதியை விடுங்கள், அந்த வேகத்துக்கு இந்தக் கப்ளிங் செய்யப்படவில்லை.

மின்ட்: கயிற்றுக்குப் பதில் சங்கிலி?

சங்கிலியும் தொய்யும். ராயபுரத்துக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

விம்கோ நகர்: மெட்ரோவில் சைக்கிள் ஏற்ற விடுவார்களா?

ஸ்டேஷனில் கேளுங்கள். இங்கே இழுப்பதைப் பற்றி மட்டும்.

எண்ணூர்: கப்ளிங் செய்துவிட்டேன், மூன்று சோதனையும் சரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இரண்டு சைக்கிளும் சேர்ந்து 3 மீட்டருக்கு மேல் நீளம், ஆட்டோவைவிட அதிகம். கன்டெய்னர் டிரெய்லருக்கு இடது பக்கம் ஒட்டிப் போகவே போகாதீர்கள், அது இடது பக்கம் திரும்பினால் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். சிக்னலில் டிரெய்லருக்குப் பின்னாலேயே நில்லுங்கள். முடிந்தால் உள்தெரு வழியாக வாருங்கள்.

திரும்பும்போது பின் சைக்கிள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அகலமாக வளையுங்கள். ரயில்வே கேட் மாதிரி தண்டவாளம் தாண்டும் இடத்தில் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் முதல் டயர் தப்பினாலும் கடைசி டயர் பள்ளத்தில் இறங்கிவிடும். சுரங்கப்பாதை இறக்கத்தில் ஓட்டாதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். பின் சைக்கிளின் பெடலை ஃப்ரேமோடு கட்டுங்கள், ஸ்டாண்டையும் தூக்கிக் கட்டுங்கள். இருட்டில் போனால் கடைசி மட்கார்டில் சிவப்பு விளக்கு வேண்டும். முன் சைக்கிளில் இருப்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

சத்தியமூர்த்தி நகர்: கயிறு இரண்டாக மடித்துக் கட்டினால்?

கயிறு வேண்டாம். நாலாக மடித்தாலும் வேண்டாம்.

பழைய வண்ணாரப்பேட்டை, டெய்லர் அக்கா: என் வீட்டுக்காரர் நீங்கள் சொன்ன மாதிரியே செய்து இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டார். நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொன்னால் எனக்கு நிம்மதி.

கொண்டு வாங்க அக்கா, பார்க்கிறேன். சைக்கிள் இரண்டையும் மாட்டியபடி ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், தள்ளிக்கொண்டே வரச் சொல்லுங்கள். வருவதற்கு முன்னால் அக்சல் நட்டை மறுபடி இறுக்க வேண்டாம். இரண்டு தெரு ஓடியதில் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.