3.70 லட்சம் ரூபாய் கார் வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன விலை?

கேள்வி: நான் திருமங்கலத்தில் குடியிருக்கிறேன். கப்பலூர் சிட்கோவில் வேலை. என் சம்பளமும் மனைவியின் சம்பளமும் சேர்ந்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. கையில் 2 லட்சம் சேமிப்பு இருக்கிறது. நாங்கள் இருவர், 12 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா என்று வீட்டில் ஐந்து பேர். மாதம் இரண்டு தடவை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மனைவியின் ஊர் ராஜபாளையம், மாதம் ஒருமுறையாவது அங்கே போவோம். புது ஆல்டோ கே10 விலை 3.70 லட்சம் என்று விளம்பரம் பார்த்தேன். நண்பர்களோ, "அந்தக் காசுக்கு டப்பா காரை வாங்காதே, பழைய ஸ்விஃப்ட் வாங்கு" என்கிறார்கள். 2018 மாடல் ஒன்று 4.20 லட்சத்துக்கு வந்திருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: கடன் முடிந்த கையோடு விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால், மலிவு விலைப் புதுக் கார் உங்களுக்கு நஷ்டம்தான். கடன் முடிந்த பிறகு இன்னும் ஐந்து வருடமாவது அதே காரை ஓட்டுவேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கணக்கைப் பார்த்தால் புரியும்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் கட்ட வேண்டியிருந்தது. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் எஞ்சின் இருக்கும் கார்களுக்கு இது பொருந்தும். நீங்கள் விளம்பரத்தில் பார்த்த விலை அந்தக் குறைப்புக்குப் பிறகு வந்தது. ஆனால் அது ரோடு டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ் ஷோரூம் விலை, அதுவும் ஆக அடியில் இருக்கும் வேரியண்டின் விலை. மலிவு கார்களின் அடி வேரியண்டுகள் ஏசியும் பவர் ஸ்டீயரிங்கும் இல்லாமல் வருவது உண்டு. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத காரில் முழங்கால் வலிக்கார அம்மாவை மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் உட்கார வைத்துப் பாருங்கள், அடுத்த தடவை அவர் பஸ்ஸிலேயே வருகிறேன் என்பார். ஆகவே நீங்கள் உண்மையில் வாங்கப்போவது நடு வேரியண்ட். அது சுமார் 4.50 லட்சம்.

அதற்கு மேல் ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இந்த வரி கூடியது. 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 4.50 லட்சத்துக்கு 54,000 ரூபாய் ஆகிறது. அப்புறம் இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். 1,000 சிசிக்குள் இருந்தால் அது 6,521 ரூபாய், அதைத் தாண்டி 1,500 சிசி வரை 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சொந்த சேதத்துக்கான காப்பீடு, ஓட்டுநர் விபத்துக் காப்பீடு, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டாக் எல்லாம் சேர்த்தால் சாவி கைக்கு வரும்போது 5.35 லட்சம் பக்கம் நிற்கும். ஷோரூமில் இதற்கு மேல் சீட் கவர், கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒரு பொட்டலம் வைப்பார்கள். ஃப்ளோர் மேட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

சேமிப்பு 2 லட்சத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1.35 லட்சம் முன்பணம் கட்டி, 65,000 ரூபாயைக் கையில் வையுங்கள். வயதான அம்மா இருக்கும் வீட்டில் கையில் காசு இல்லாமல் வாசலில் கார் மட்டும் நிற்கக் கூடாது. மீதி 4 லட்சம் கடன். வட்டி 9.5 சதவீதம் என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 8,400 ரூபாய், மொத்த வட்டி சுமார் 1.04 லட்சம். "ஏழு வருடம் போடுங்க சார், 6,540தான் வரும்" என்பார்கள். அதில் வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தொடும். ஏழு வருடக் கடன் போட்டால்தான் வாங்க முடியும் என்றால் அந்தக் கார் நம் வசதிக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். இதில் நான் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். மதுரைக்கு இரண்டு தடவை, ராஜபாளையத்துக்கு ஒரு தடவை, இடையில் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில். மாதம் 450 கிலோமீட்டர் இருக்கும். ஆல்டோ கே10க்குக் கம்பெனி சொல்வது லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து பேர், ஏசி, ஊருக்குள் நெரிசல் என்றால் 18 என்று கணக்குப் போடுங்கள். பெட்ரோலுக்கு 2,500 ரூபாய் ஆகும். அடுத்தடுத்த வருட இன்சூரன்ஸ், சர்வீஸ் இரண்டையும் மாதத்துக்குப் பிரித்தால் 1,400. தவணையோடு சேர்த்து 12,300 ரூபாய், அதாவது உங்கள் வருமானத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. அதுதான் எல்லை. அதைத் தாண்டாதீர்கள்.

இதே 450 கிலோமீட்டருக்கு டாக்சி வைத்தால் என்ன ஆகும்? கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய் ஆகலாம். ஆக, கடன் ஓடும் ஐந்து வருடமும் டாக்சிதான் மலிவு. கடன் முடிந்த மறுமாதம் நிலைமை மாறுகிறது. பெட்ரோலும் பராமரிப்பும் கூடுதலாகவே போட்டாலும் மாதம் 5,500க்குள் அடங்கும். பத்து வருடம் ஓட்டினால் காரின் செலவு டாக்சியின் செலவை ஒட்டி வந்துவிடும். ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறினால் யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பது அதற்கு மேல் கிடைக்கும் லாபம். ஐந்தாவது வருடம் விற்றால் அந்தக் கணக்கு கிட்டவே வராது. நான் ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

சரி, எந்தக் கார்? உங்கள் வீட்டுக்கு ஆல்டோ பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, 998 சிசி எஞ்சின் உழைக்கும், உதிரிபாகம் உசிலம்பட்டியில்கூடக் கிடைக்கும். ஆனால் அது தாழ்வான கார். முழங்கால் தேய்ந்தவர்களுக்குத் தாழ்வான சீட்டில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் நரகம். ஆகவே ஷோரூமுக்குப் போகும்போது அம்மாவைக் கூட்டிப்போங்கள். முன் சீட்டில் ஒருமுறை, பின் சீட்டில் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்தபின் பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. கதவை முழுதாகத் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் மேல் கைப்பிடியை மட்டும் பிடித்து எழ முடிகிறதா பாருங்கள். ஒரு தடவை போதாது, நாலைந்து தடவை செய்யச் சொல்லுங்கள். சேல்ஸ்மேன் அவசரப்படுத்தினால் அந்தக் கடையை விட்டு வாருங்கள். அப்படியே பின் சீட்டில் பிள்ளைகள் இருவரோடு ஒரு பெரியவரையும் உட்கார வைத்து, மூன்று பேருக்கும் பெல்ட் இருக்கிறதா, ஆர்.சி.யில் எத்தனை பேருக்கான கார் என்று பதிவாகும் என்பதையும் கேளுங்கள்.

உயரமான சீட் வேண்டும் என்றால் வேகன் ஆர் இருக்கிறது. ஜிஎஸ்டி குறைந்தபோது அதன் ஆரம்ப விலை 4.99 லட்சத்தை ஒட்டி வந்தது. 341 லிட்டர் டிக்கி, ராஜபாளையத்திலிருந்து மாமனார் கட்டிக்கொடுக்கும் மூட்டை எல்லாம் போகும். ஆனால் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கு ஆல்டோ கே10க்கு 2 நட்சத்திரம், வேகன் ஆருக்கு 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. பிள்ளைகள் பாதுகாப்பில் இரண்டுக்குமே பூஜ்யம். பிறகு 2025இல் இரண்டிலும் 6 ஏர்பேக் எல்லா வேரியண்டிலும் வந்தது, நல்ல விஷயம். ஆனால் ஏர்பேக் கூடினால் காரின் உடம்பு தானாகப் பலமாகிவிடாது. டாடா டியாகோ 2020 சோதனையில் பெரியவர்களுக்கு 4, பிள்ளைகளுக்கு 3 நட்சத்திரம் வாங்கியது. அதன் ஆரம்ப விலை 4.57 லட்சத்துக்கு இறங்கியிருந்தது. எஞ்சின் 1,199 சிசி என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு சற்றுக் கூடும், அவ்வளவுதான். ராஜபாளையம் ரோட்டில் எதிரே லாரி ஓவர்டேக் எடுத்து வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் ஆளுக்கு நான் டியாகோவைத்தான் முதலில் சொல்வேன், அம்மாவால் அதில் ஏறி இறங்க முடிந்தால். முடியாவிட்டால் வேகன் ஆர், வேகம் 80ஐத் தாண்டாமல், பின் சீட்டிலும் பெல்ட் போட்டு.

எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி கார் உங்களுக்குத் தேவையில்லை. மாதம் 450 கிலோமீட்டர் ஓட்டத்தில், கூடுதலாகக் கொடுக்கும் காசு திரும்பி வர ஆறேழு வருடம் ஆகும், டிக்கியும் போய்விடும்.

இனி அந்த 2018 ஸ்விஃப்ட். அந்த வருடம் வந்த புது ஸ்விஃப்டில் 2 ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியண்டிலும் உண்டு. ஆனால் 2018 ஆரம்பத்தில் பதிவானது பழைய உருவமாகவும் இருக்கலாம், அதில் உறுதி இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். பழைய காருக்குக் கடன் வட்டி இரண்டு மூன்று சதவீதம் கூடுதல், தவணைக் காலமும் குறைவு. ஆர்.சி. 2033 வரைதான். பிஎஸ்4 என்ற பழைய புகை விதிப்படி வந்த கார் என்பதால் இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தது அல்ல. மைலேஜ் சற்றுக் குறையும், பெட்ரோல் பைப்பின் ரப்பர்களைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் மீறி, உங்கள் நம்பிக்கைக்குரிய மெக்கானிக் ஒருவர் இருந்தால் அது கெட்ட தேர்வு அல்ல. அப்படி ஆள் இல்லை என்றால் வேண்டாம்.

பழைய காரைப் பார்க்கப் போனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியில் வெள்ளம். தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்கு வந்துவிடும். டேஷ்போர்டு பளபளவென்று இருக்கும், வாசனைத் திரவியம் அடித்திருப்பார்கள். நீங்கள் நேராகப் பின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுங்கள். சுருளுக்குள் கிடக்கும் அந்தக் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. அதில் பழுப்பாக ஒரு கோடு இருந்தால், அது தண்ணீர் நின்ற அளவு. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினை அவர்கள் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது, பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது வங்கிக் கடன் பதிவு, இருந்தால் ஃபாரம் 35ம் வங்கியின் தடையில்லாச் சான்றும், பெயர் மாற்ற ஃபாரம் 29, 30ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

புதிதாகவே எடுப்பதாக முடிவு செய்தால், அடிக்கடி ஓடாத காருக்கு நம் ஊரில் இரண்டு எதிரிகள்: எலியும் பேட்டரியும். நிறுத்திய இடத்தில் நெல், தவிடு மூட்டை இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்து அணைப்பது பேட்டரிக்கு உதவாது. மதுரைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கப்பலூர் டோல் குறுக்கே வருகிறது. 2025இல் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர ஃபாஸ்டாக் பாஸில் ஒரு வருடம் அல்லது 200 தடவை கடக்கலாம். நீங்கள் மாதம் எத்தனை தடவை கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

டெலிவரிக்கு முன்பு, நம்பர் பதிவு ஆவதற்கும் முன்பே, காரைப் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். தயாரிப்பு மாதமும் வருடமும் காரில் பொறித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். ஜனவரியில் வாங்கும் காரில் போன வருடத் தயாரிப்பு இருந்தால் விலையில் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு முடிந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.