காய்ச்சல் இல்லாத அழற்சி: தொப்பை பற்றிய கேள்விகள்

"அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையாம், ஹெச்.எஸ்.-சி.ஆர்.பி. டெஸ்ட். அதில் 4.2 என்று வந்திருக்கிறது சார். சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. எடை 94 கிலோ. உடம்பில் அழற்சி என்கிறார்கள். எங்கே இருக்கிறது அது?" (சேலம், வயது 41)

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறது இல்லையா, அதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் தானே அடங்கிவிடும். உங்களுக்கு இருப்பது அடங்காத வகை. சிவக்காது, வலிக்காது. பெரும்பாலும் அது குடியிருக்கும் இடம் வயிற்றுக் கொழுப்பு.

கொழுப்பை வெறும் மூட்டை என்று நினைக்காதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு செல்லும் ஓர் எண்ணெய்த் துளியை வைத்திருக்கும் பை. சாப்பாடு மிஞ்ச மிஞ்ச அது ஊதும். ஊதிய செல்லின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் போய்ச் சேரக்கூடிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூச்சுமுட்டிச் சில செல்கள் செத்துப்போகின்றன. செத்ததை அள்ள மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல்கள் வருகின்றன. துளியோ பெரியது, ஒன்றால் விழுங்க முடியாது. அதனால் நாலைந்து சேர்ந்து சுற்றி வளைத்து நிற்கும். மைக்ராஸ்கோப்பில் கிரீடம் வைத்தாற்போலத் தெரியும். அதற்குப் பெயரே கிரீட அமைப்புதான்.

ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் நூறு செல்லுக்குப் பத்துக்கும் குறைவாக இருக்கிற இந்த மேக்ரோபேஜ், மிகப் பருத்த உடம்பில் 40 வரை போகிறது. வந்தவை சும்மா இருப்பதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 என்று அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைக் கக்குகின்றன. இன்டர்லூகின் கல்லீரலுக்குப் போனால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வந்தது அதுதான்.

லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். ஆனால் ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஈறு வீங்கியிருந்தால்கூட ஏறும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். 10-ஐத் தாண்டினால் எங்கோ கிருமித்தொற்று இருக்கிறதா என்று டாக்டர் முதலில் தேடுவார்.

"இதனால்தான் சர்க்கரை வருகிறதா ஐயா?" (தஞ்சாவூர்)

ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்தே டி.என்.எஃப். வருவதைக் காட்டினார்கள். அதைத் தடுத்ததும் எலிகளில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. சரி, மனிதர்களுக்கும் அதே வழி என்று எல்லோரும் கிளம்பினார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு டி.என்.எஃப். தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எலியை வைத்து வரும் செய்தியைப் பார்த்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

"நான் ஒல்லிதான் சார், 62 கிலோ. தொப்பை மட்டும் உண்டு. எனக்குக் கவலை இல்லைதானே?" (சென்னை, வயது 33)

இருக்கிறது தம்பி. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கின் இருவரும் 2004-ல் தங்கள் படத்தையே ஓர் ஆய்விதழில் போட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் ஒல்லி பல சமயம் அப்படிப்பட்ட ஒல்லிதான். குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, தொடையில் சேர்வதைவிடத் தொல்லை அதிகம் தரும்.

"அப்படியானால் லைபோசக்‌ஷனில் உறிஞ்சி எடுத்துவிடலாமே?" (கோவை)

எடுத்துப் பார்த்துவிட்டார்கள். 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ. மூன்று மாதம் ஆகியும் சி.ஆர்.பி.யும் இறங்கவில்லை, இன்சுலின் வேலையும் மாறவில்லை. உறிஞ்சுவது தோலுக்கடியில் இருப்பதை. மீந்த செல்கள் ஊதியபடியேதான் இருக்கும். சாப்பாட்டைக் குறைத்து, நடந்து 5 முதல் 10 சதவீதம் எடை இறக்கினால் செல்களே சுருங்கும், சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் இறங்கும்.

"முழங்கால் வலிக்கு எடைதான் காரணம் என்கிறார்கள். எனக்கு விரல் மூட்டும் வலிக்கிறதே?" (திண்டுக்கல், வயது 58)

நல்ல கேள்வி அம்மா. விரலால் யாரும் நடப்பதில்லை. ஆனாலும் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானம் கூடுதலாகவே வருகிறது. பாரம் மட்டும் காரணம் என்றால் இது நடக்காது. ரத்தத்தில் சுற்றும் இந்த ரசாயனங்களுக்கும் பங்கு இருக்க வேண்டும். விரல் வலிக்கு முடக்குவாதமும் காரணமாகலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

"மஞ்சள் பால்?"

குடியுங்கள், ருசியாக இருக்கும். ஆனால் அழற்சியை அடக்கும் என்று சொல்லப்படும் மஞ்சளின் குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. சர்க்கரையும் ஏடும் போட்டால் நஷ்டக் கணக்கு.

"மாதாமாதம் சி.ஆர்.பி. பார்க்கட்டுமா?" (மறுபடியும் சேலம்)

வேண்டாம், காசு மிச்சம். தையல் டேப் வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். நம்மில் பாதிப் பேர் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம்.