கழன்று விழட்டும், விடுங்கள்

(ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஒன்பது பனிக்காலம் ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) கடைப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஏற்காட்டில் காபியும் மிளகும் பார்த்துக்கொண்டிருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 24, உயரம் 170 செ.மீ., எடை 62 கிலோ. இரண்டு வருடம் குல்மார்க் போய் ஸ்கீ கற்றுக்கொண்டேன். சுமாரான சரிவில் பயமில்லாமல் இறங்குவேன். ஜனவரியில் இன்ஸ்ப்ரூக்கில் படிக்கும் மாமா பையனிடம் போகிறேன். அங்கே முதல்முறையாக 'பார்க்'கில் இறங்கிப் பார்க்க ஆசை. அவனுடைய நண்பர் ஒரு பழைய ஸ்கீ ஜோடியை மலிவாகத் தருகிறாராம். நீளம் 184 செ.மீ., இடுப்பு (ஸ்கீயின் நடுப்பகுதி அகலம்) 106 மி.மீ., பைண்டிங் 8–18. "ஸ்ட்ராங்கான பைண்டிங், குதித்தாலும் கழலாது" என்கிறான். வாங்கலாமா?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்கீயைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம், அந்த பைண்டிங் உங்களுக்கு ஆகவே ஆகாது.

பார்க் என்றால் என்ன என்று மற்றவர்களுக்கும் ஒரு வரி. சறுக்கு மலையில் ஒரு பகுதியை ஒதுக்கி, பனியைக் குவித்துக் குதிமேடுகள் கட்டியிருப்பார்கள். நம் ஊரில் மாடிப்படிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி வைக்கிறோமே, அந்த மாதிரிக் குழாய்களையும் நீளப் பெட்டிகளையும் பனியில் நட்டு, அவற்றின் மேல் வழுக்கிப் போவார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 'ஸ்லோப்ஸ்டைல்' என்ற பெயரில் இதுவும் போட்டியாகிவிட்டது.

இப்போது அந்த 8–18. காலில் போடும் ஸ்கீ பூட்டை (பூட்ஸ்) ஸ்கீயோடு பிடித்திருப்பது பைண்டிங். விழும்போது கால் முறுகுமுன் பூட்டை விட்டுவிட வேண்டியதும் அதன் வேலைதான். எவ்வளவு அழுத்தம் வந்தால் விட வேண்டும் என்பதற்கு டின் எண் என்று ஒன்று உண்டு (எண்ணெய் டின் இல்லை, ஜெர்மன் தர நிறுவனத்தின் சுருக்கப் பெயர்). உங்கள் எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், சறுக்கும் தரம் இவற்றை அட்டவணையில் பார்த்துக் கடைக்காரர் அந்த எண்ணை வைப்பார். 62 கிலோவுக்கு, உங்கள் தரத்துக்கு, அது 4-க்கும் 6-க்கும் நடுவில் எங்கோ வரும். அந்த பைண்டிங் 8-ல்தான் தொடங்குகிறது. உங்கள் எண் அதில் கிடையவே கிடையாது! 3–11 அல்லது 4–12 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கழலாத பைண்டிங் என்று பெருமைப்படுவது, ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைக்கிற மாதிரி. மோட்டார் எரிந்தபிறகு ஃபியூஸ் மட்டும் நன்றாக இருக்கும்.

அந்தக் கம்பியைச் சுற்றியவன் நான், அதனால் சொல்கிறேன். நாலாவது பனிக்காலத்தில் பார்க்கில் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் என் இடது ஸ்கீ கழன்று ஓடியது. பட்டறைக்காரன் என்ற திமிரில், யாரையும் கேட்காமல், ஸ்க்ரூடிரைவரை எடுத்து 5.5-ல் இருந்ததை 9-க்குத் திருகினேன். விட்டேனா, நியாயம் பார்த்து வலதையும் திருகினேன். மறுநாள் மதியம் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு பெட்டியின் முனையில் வலது ஸ்கீயின் விளிம்பு மாட்டியது. ஸ்கீ கழலவில்லை, முட்டிதான் கழன்றது. பிறகு நிதானமாகப் பார்த்தால், முதலில் ஸ்கீ ஓடியதற்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. புது பூட்டுக்கு மாறியவன் பைண்டிங்கின் பின் பகுதியைப் பூட்டின் நீளத்துக்கு நகர்த்தி, முன்னழுத்தம் (அது பூட்டை முன்னோக்கி அழுத்தும் அளவு) சரிபார்க்க மறந்திருக்கிறேன். போதாததற்கு அடியில் பனி அப்பியிருக்கிறது. அதைச் சுரண்டாமலே மிதித்துப் பூட்டியிருக்கிறேன். இன்றைக்கும் மிளகு பறிக்க ஏணி ஏறினால் வலது முட்டி ஏதாவது பேசும்.

எண் சரியாக இருந்திருந்தால் முட்டி தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இந்த பைண்டிங்குகள் முக்கியமாகக் கெண்டைக்கால் எலும்பைக் காப்பாற்ற உருவானவை. முட்டிக்குள் இருக்கும் தசைநாருக்கு அவை முழுக் காவல் இல்லை.

ஸ்கீ விஷயத்துக்கு வருகிறேன். 184 உங்களைவிட ஒரு சாண் நீளம் இல்லாவிட்டாலும் ஏழெட்டு விரற்கடை நீளம். திருப்புவதற்குள் குழாய் முடிந்துவிடும். 106 இடுப்பு ஆழமான புதுப்பனியில் மிதக்க நல்லது, இறுகிய பார்க்கில் சுமை. புருவத்துக்கும் உச்சந்தலைக்கும் நடுவில் வரும் நீளம், 85–95 மி.மீ. இடுப்பு, இரு முனையும் மேல்நோக்கி வளைந்த 'ட்வின் டிப்', நடுத்தரமாக வளைந்துகொடுக்கும் தன்மை. இது போதும். பின்முனையும் வளைந்திருந்தால்தான் பின்பக்கமாகவும் சறுக்க முடியும். ரொம்ப மெத்தென்றவை குழாயில் சுகம், மேட்டிலிருந்து இறங்கும்போது காலை வாரும்.

பைண்டிங்கை எங்கே பொருத்துவது என்று கடையில் கேட்பார்கள். பார்க்கில் ஊறியவர்கள் நட்ட நடுவில் வைப்பார்கள். நீங்கள் நடுவிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. பின்னால் வையுங்கள். வெளியே சாதாரணச் சரிவிலும் இறங்க வேண்டுமே. கழன்ற ஸ்கீயை நிறுத்தும் பிரேக்கின் அகலம் இடுப்பை ஒட்டி இருக்கட்டும். 88-க்கு 90 அல்லது 95. 115 போட்டால் இரண்டு பிரேக்கும் ஒன்றோடொன்று கொக்கி போடும். பூட்டின் அடியில் 'கிரிப்வாக்' (நடக்க வசதியான ஒருவகை அடிப்பாகம்) என்று எழுதியிருந்தால் அதற்கு ஒத்துவரும் பைண்டிங்தானா என்று கேளுங்கள், தானாகப் பொருந்தாது.

ஆனால் இதெல்லாம் ஏன் இப்போதே வாங்க வேண்டும்? முதல் இரண்டு மூன்று நாள் வாடகைக்கு எடுங்கள். பார்க்குக்கு என்று சொல்லியே எடுங்கள், குழாயில் விளிம்பு தேய்ந்தால் யார் காசு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சொந்த ஸ்கீ என்றால் பாதத்துக்கு அடியில் இருக்கும் இரும்பு விளிம்பைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்வார்கள், குழாயில் மாட்டாது. வாடகை ஸ்கீயில் அந்த வேலை வேண்டாம், தம்பி! கையில் காசு இருந்தால் பூட்டில் போடுங்கள். வாடகை ஸ்கீ பரவாயில்லை, அடுத்தவர் கால் பதிந்த பூட் நரகம்.

முதல் நாள் அகலப் பெட்டி மட்டும். அதன்மேல் விளிம்பைச் சாய்க்காமல் ஸ்கீயைத் தட்டையாக வைத்துப் போங்கள். சாய்த்தால் பெட்டி உங்களைக் கிடத்தும்.

கேள்வி: மகள் காலேஜ் டூரில் குல்மார்க் போகிறாள். வீட்டிலிருக்கும் ஸ்கூட்டி ஹெல்மெட்டையே கொடுத்தனுப்பலாமா?
— ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம்மா. கனம், காதை முழுக்க அடைக்கும், பின்னால் வருகிறவர் சத்தம் போட்டாலும் கேட்காது. உள்ளே ஈ.என். 1077 (ஐரோப்பியத் தர எண்) என்று அச்சிட்ட ஸ்கீ ஹெல்மெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். மோதல்பட்ட ஹெல்மெட்டை வாங்க வேண்டாம், வெளியே கீறல் தெரியாமலே உள்ளே நுரை நசுங்கியிருக்கும். கம்பளிக் குல்லாய் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள், அறையில் போட்டுக்கொள்ள. ஹெல்மெட்டுக்கு அடியில் வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் பனி விழுந்தால் நீங்கள் சறுக்கக் கற்றுத் தருவீர்களா?
— ஏழாம் வகுப்பு மாணவன், ஏற்காடு

பதில்: நம் மலை 1,500 மீட்டர்தான் கண்ணா, மூடுபனி மட்டும்தான் வரும். ரோலர் ஸ்கேட் வாங்கிக்கொண்டு வா, எங்கள் காபி காயவைக்கும் களத்தில் ஓட்டலாம். இருபது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் போகக் கூடாது.